தீவனப்புல்லுக்குத் தழைச்சத்து: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் தீவனத் தரமும் மீத்தேனும்

1. ஆய்வுப் பொருள்

உரமிட்டால் தீவனப்புல் விளைச்சல் கூடும் என்பதில் ஐயமில்லை. அந்தப் புல்லைத் தின்னும் மாடு விடும் மீத்தேன் குறையுமா என்பதே இங்கு ஆராயும் கேள்வி. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணம் பாசன நஞ்சையும் பண்ருட்டிச் செம்மண் மேட்டுநிலமும் இதற்குக் களம்.

2. இன்றைய தீவன நிலை

நஞ்சையில் சம்பா அறுத்த தரிசில் உளுந்தும் பயறும் நிற்கும். மாட்டை அவிழ்த்துவிட வழியில்லை. கட்டுத்தறியில் அதற்குக் கிடைப்பது வைக்கோலும் வரப்புப் புல்லும்தான். வைக்கோலில் புரதம் 3 முதல் 4 விழுக்காடு, சிலிக்கா மிகுதி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட கோ 4 கம்பு நேப்பியர் புல்லிலோ புரதம் ஏறத்தாழ 10 விழுக்காடு.

3. உரமும் தீவனத் தரமும்

3.1 அளவு: கோ 4 புல்லுக்கு எக்டருக்குத் தழை (நைட்ரஜன்), மணி, சாம்பல் சத்துகள் 150:50:40 கிலோ என்பது பரிந்துரை. ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் 75 கிலோ தழைச்சத்து மேலுரமாகும். அதாவது ஏக்கருக்கு 30 கிலோ, யூரியாவாக 65 கிலோ.

3.2 பருவம்: தழைச்சத்து புரதத்தை ஏற்றுமே தவிர, செரிமானத்தை அதிகம் மாற்றாது. செரிமானத்தைத் தீர்மானிப்பது அரிவாள் இறங்கும் நாள். 45 நாளில் இலை மிகுந்திருக்கும் தூர், மேலும் சில வாரம் விட்டால் தண்டு தடித்து லிக்னின் ஏறிவிடும். இட்ட உரத்தின் பயனைத் தாமதம் தின்றுவிடுகிறது.

3.3 மிகை: மேட்டுநிலத்தில் வறட்சியில் வளர்ச்சி நின்ற தீவனச் சோளத்தில் தழைச்சத்து மிகுந்தால் அடித்தண்டில் நைட்ரேட் தேங்கி மாட்டுக்கு நஞ்சாகும். உடல் ஏற்காத புரதம் சிறுநீரில் யூரியாவாக வெளியேறும்.

4. மீத்தேன் உருவாகும் வழி

அசையூண் வயிற்றில் நுண்ணுயிர்கள் நாரைச் சிதைக்கும்போது அசிட்டேட்டும் ஹைட்ரஜனும் உண்டாகின்றன. ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் அந்த ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்கும். மாடு அதை ஏப்பமாக விடும். புரொப்பியோனேட் உருவானால் ஹைட்ரஜன் அதில் செலவாகும். நைட்ரேட்டும் ஹைட்ரஜனை ஈர்க்கும். ஆனால், பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. எனவே மீத்தேனைக் குறைக்க உரத்தைக் கூட்டலாம் என்ற வாதம் நிற்காது.

உரமிட்ட புல்லிலும் உலர்தீவனக் கிலோ ஒன்றுக்கான மீத்தேன் பெரிதாக மாறுவதில்லை. நல்ல புல்லை மாடு கூடுதலாகத் தின்பதால் நாளொன்றின் மொத்த மீத்தேன் சற்று ஏறவும் கூடும். பால் அதைவிட வேகமாகக் கூடினால் லிட்டருக்கான மீத்தேன் குறையும். ஆதாயம் இந்தக் கணக்கில்தான்.

5. உரத்தின் எதிர்க்கணக்கு

மண்ணில் இட்ட தழைச்சத்தில் சுமார் 1 விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் என்பது பன்னாட்டுப் பருவநிலைக் குழுவின் (IPCC) பொதுக் கணக்கு. அந்த வாயு நூறாண்டு அளவில் கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வெப்பமூட்டும். மாட்டு மீத்தேன் 27 மடங்கு.

ஏக்கருக்கு 30 கிலோ தழைச்சத்து இட்டால் விளைவது 129 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடு. இந்தியத் துணைக்கண்டக் கறவை மாட்டுக்கு அக்குழு 2006இல் தந்த ஆண்டு மீத்தேன் அளவு 58 கிலோ. அப்படியானால் ஒரு மேலுரம் ஒரு மாட்டின் ஒரு மாத மீத்தேனுக்குச் சமம். அந்த அறுப்பு 45 நாள் 10 மாடுகளுக்குத் தீவனமானால் அவற்றின் மீத்தேனில் இது ஏறத்தாழ 7 விழுக்காடு. யூரியாத் தொழிற்சாலையின் புகை இதில் சேரவில்லை. பால் அந்த விழுக்காட்டுக்கு மேல் கூடாவிட்டால் உரம் சூழலுக்கு நட்டமே.

6. முடிவுகள்

அ. தழைச்சத்து மீத்தேனுக்கு நேரடி மருந்தன்று; பாலின் வழியேதான் பயன் தரும்.

ஆ. மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் என்னும் பயறுவகைத் தீவனம் நட்டால், யூரியாவைக் கூட்டாமலே தீவனத்தில் புரதம் கூடும். மீத்தேனைச் சற்றுக் குறைக்கக்கூடிய டானினும் வேலிமசாலில் உண்டு.

இ. புல் போட நிலமில்லாதவர்கள் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்துக் கொடுக்கலாம். யூரியாவை நேரே தீவனத்தில் தூவக் கூடாது.

ஈ. உர மூட்டையைக் கூட்டும் முன், 45 நாளில் புல்லை அறுக்கும் ஒழுங்கை உழவர்கள் கடைப்பிடிக்க வேண்டும். செலவில்லாத முதல் சீர்திருத்தம் அதுவே.