எலிக்காய்ச்சலும் வளர்ப்பூடகமும்: மாத்தளை உணர்த்தும் உண்மை

நோயின் வரலாறு நோயுற்றோரின் வரலாறு மட்டுமன்று; நோய்க்காரணியான நுண்ணங்கியை ஆய்வுகூடத்தில் வளர்க்க மனிதர் முயன்ற வரலாறுமாகும். எலிக்காய்ச்சல் இதற்குத் தக்க சான்றாகும்.

இந்நோயின் கடுமையான வடிவத்தை 1886இல் ஜெர்மானிய மருத்துவர் வைல் விவரித்தார். அதன் காரணியாகிய லெப்டோஸ்பைராவை ஜப்பானியரான இனாதாவும் இதோவும் 1915இலேயே கண்டறிந்தனர். சுருளுருவான இந்நுண்ணங்கி சாதாரண இறைச்சிச்சாற்று ஊடகத்தில் வளர்வதில்லை. வெல்லப் பொருள்களை விடுத்து, நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்களிலிருந்தே அது சத்தியைப் பெறுகின்றது. ஆயினும், கட்டற்ற கொழுப்பமிலம் அதற்கு நஞ்சாகும். உணவே நஞ்சாகும் இம்முரண்பாட்டைத் தீர்க்க முன்னாளில் முயலின் குருதி நீர்ப்பாயம் ஊடகத்திற் சேர்க்கப்பட்டது. 1960களில் எலிங்ஹோசன், மக்கலோ, ஜோன்சன், ஹரிஸ் ஆகியோரின் ஆய்வுகளால் உருவான ஊடகத்தில், மாட்டுக் குருதியின் அல்புமின் கொழுப்பமிலத்தைப் பிணைத்து நச்சுத்தன்மையை அடக்கியது. அதிலுங்கூட, ஏறத்தாழ 30 பாகை செல்சியசில் வாரக்கணக்காகக் காத்திருத்தல் வேண்டும்.

இலங்கையில் இந்நோய் 1959இல் உறுதிசெய்யப்பட்டது. 1960களில் நித்தியானந்தா முதலானோர் இந்நாட்டு லெப்டோஸ்பைராக்களை வளர்த்து வேறாக்கினர். அவற்றுள் ஒரு வகை இரத்தினபுரியின் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகின்றது. பின்னர் அம்முயற்சி நெடுங்காலம் தளர்ந்தது.

2008இல் நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் ஐயத்துக்குள்ளாயினர். ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. சேற்றில் இறங்கி உழைக்கும் நெற்செய்கையாளரே இந்நோய்க்கு எளிதில் இலக்காவோர். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பங்குகொண்ட ஆய்வுகள் மாத்தளை, கண்டி, கேகாலை மாவட்டங்களில் நிகழ்ந்தன. நோயாளரின் குருதியிலிருந்து நுண்ணங்கியின் மரபணுக்கள் நேரடியாக ஆராயப்பட்டன.

அவ்வாறாயின் வளர்ப்பூடகம் எதற்கு? வாரங்கள் கழித்து வரும் முடிவு படுக்கையிலுள்ள நோயாளிக்கு உதவாது. மருத்துவர் அறிகுறி கண்டே சிகிச்சை தொடங்கவேண்டும். ஆனால் நோயை உறுதிசெய்யும் ஒட்டற் சோதனையில், உயிருள்ள லெப்டோஸ்பைராக்களோடு நோயாளியின் நீர்ப்பாயம் கலக்கப்படுகின்றது. அவ்வட்டாரத்து வகைகள் அச்சோதனைத் தொகுதியில் இல்லையெனின், உண்மை நோயாளியும் நோயற்றவராகக் கணிக்கப்படலாம். மரபணு ஆய்வு வகையை அறிவிக்கும். உயிருள்ள வகையை அளிக்காது.

ஆகவே, வயலில் நோயுற்ற ஒருவர் புள்ளிவிவரத்தில் இடம்பெறுவதும் விடுபடுவதும், அவ்வயலின் நுண்ணங்கியை எவரேனும் பொறுமையுடன் வளர்த்து வைத்திருந்தனரா என்பதைப் பெரிதும் பொறுத்துள்ளது. ஒரு தலைமுறை கைவிட்ட ஆய்வுகூடப் பணியின் விலையை அடுத்த தலைமுறையின் உழவரே செலுத்த நேர்கின்றது.