ரோசா கிளெப்பின் இரு முடிவுகள்

ஒற்றர் கதையொன்றில் தீயவர் எவ்வாறு வீழ்கிறார், எவர் கையால் வீழ்கிறார் என்பதைக் கொண்டே அக்கதையின் உள்ளக்கிடக்கையை அறியலாம். இயான் பிளெமிங் எழுதி 1957இல் வெளிவந்த 'பிரம் ரஷ்யா வித் லவ்' நாவலும், டெரன்ஸ் யங் இயக்கத்தில் 1963இல் வந்த அதே பெயருடைய திரைப்படமும் இதற்குத் தக்க சான்றுகள்.

நாவலில் ரோசா கிளெப், சோவியத்தின் ஸ்மெர்ஷ் என்னும் உளவு அமைப்பின் உயர் அதிகாரி. தத்தியானா என்ற இளம்பெண்ணை நாட்டின் பெயரால் ஏவி ஜேம்ஸ் பாண்டுக்கு வலைவிரிக்கிறாள். சூழ்ச்சி முறிந்தபின், பாரிஸ் நகரின் ரிட்ஸ் விடுதியில் பின்னல் வேலை செய்யும் மூதாட்டியாக அமர்ந்திருக்கிறாள். பிரெஞ்சு அதிகாரி மத்தீஸ் வந்து அவளைப் பிடிக்கிறார். ஆயினும் காலணியில் மறைத்த நச்சுக்கத்தியால் அவள் பாண்டை உதைக்கிறாள். நாயகன் தரையில் சாய்வதோடு நாவல் முடிகிறது. தத்தியானாவுக்கு அக்காட்சியில் பங்கே இல்லை. கிளெப் இறந்த செய்தியும் 1958இல் வந்த 'டாக்டர் நோ' நாவலில் உரையாடலுக்கிடையே சொல்லப்பட்டுக் கடந்துபோகிறது.

திரைப்படத்தில் லோட்டே லென்யா நடித்த கிளெப், வெனிஸ் விடுதியில் பணிப்பெண் வேடத்தில் வருகிறாள். காலணிக் கத்தி இங்கும் உண்டு. பாண்ட் நாற்காலியால் அவளைச் சுவரோடு அழுத்திப் போராடுகையில், தத்தியானா துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறாள்.

இம்மாற்றத்தின் வேர் கதையின் தொடக்கத்திலேயே உள்ளது. படத்தின் கிளெப், சோவியத் பணியைத் துறந்து ஸ்பெக்டர் என்னும் குற்றக்கும்பலில் சேர்ந்தவள். அதை மறைத்தே தத்தியானாவை ஏவுகிறாள். நாவலின் தத்தியானா சுட்டிருந்தால், அது தன் நாட்டு அதிகாரியைக் கொன்ற செயலாகியிருக்கும். படத்திலோ, தாய்நாட்டின் பெயரைச் சொல்லித் தன்னை ஏமாற்றியவளையே அவள் சுடுகிறாள். அரசுகளின் பகையாக இருந்த கதை, வஞ்சிக்கப்பட்ட பெண்ணின் தீர்ப்பாக மாறுகிறது.

இதில் இழப்பும் உண்டு. நாயகன் தோற்கக்கூடும் என்று காட்டிய பிளெமிங்கின் துணிவு திரைக்கு வரவில்லை. ஆனால் நாவல் பகடைக்காயாகவே விட்டுவிட்ட பெண்ணுக்குப் படம் ஒரு முடிவெடுக்கும் உரிமையைத் தந்தது. மூலத்திற்கு உண்மையாக இருத்தலை, நிகழ்ச்சிகளைப் பிசகாமல் பின்பற்றுவதால் மட்டும் அளந்துவிட இயலாது. மூலம் பேசவிடாத மாந்தருக்குக் குரல் கொடுப்பதும் தழுவலின் கடமையே.