வேகமும் வெப்பமும்



நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நம் நாகர்கோவிலில் 1984 அக்டோபரில் தொடங்கிற்று. அதே கல்வியாண்டில், பள்ளிகளுக்குக் கணிப்பொறியை அறிமுகப்படுத்தும் 'கிளாஸ்' திட்டத்தை நடுவணரசு தொடங்கியது. முதற்கட்டத்தில் ஏறத்தாழ 250 பள்ளிகள் அதில் இடம்பெற்றன. அவற்றுக்கு வந்த பொறி, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து அக்கார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பி.பி.சி. கணிப்பொறி. அதன் நினைவகம் 32 கிலோபைட்; செயலியின் வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். திட்டம் விரிந்தபோது நான் பணியாற்றிய பள்ளிக்கும் அப்பொறி வந்து சேர்ந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியன் என்ற முறையில் அதன் பொறுப்பு எனக்கு வாய்த்தது.

ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே வீசும் காற்றை நாஞ்சில் நாட்டார் யாவரும் அறிவர். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அக்காற்றே. அது புழுதியைக் கொண்டுவரும் என்று அஞ்சி நான் அறையின் சன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டேன். மேசையில் இடம் போதாமையால் திரைப்பெட்டியைக் கணிப்பொறியின் மேலேயே ஏற்றி வைத்தேன். பின்புறத்துக் காற்றுத் துளைகள் மறைந்ததை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒருநாள் பிற்பகல், ஒரு மாணவன் முக்கால் மணி நேரம் உழைத்து ஒரு நிரலைத் தட்டச்சு செய்திருந்தான். அதை நாடாவில் பதியுமுன் திரையில் எழுத்துகள் சிதறின. பிறகு விசைகளும் பணியவில்லை. "கண்ட விசையையும் தட்டினாயா?" என்று அவனைக் கடிந்துகொண்டேன். அவன் கண்கலங்கி நின்றான். அப்போது ஆய்வுக்கூட உதவியாளர் பொறியின் மேல் கைவைத்துப் பார்த்து, "சார், அது மூச்சு முட்டி நிக்கு" என்றார். சன்னலைத் திறந்தோம், திரைப்பெட்டியை இறக்கினோம். அரைமணி கழிந்ததும் பொறி பழுதின்றி இயங்கிற்று. மறுநாள் அதே வகுப்பில், பிழை என்னுடையது என்று அம்மாணவனிடம் கூறினேன். அதன் பிறகே வெப்பத்தைப் பற்றிக் கருத்தோடு படிக்கலானேன்.

கணிப்பொறி உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் முடிவில் வெப்பமாகவே மாறுகின்றது. சில்லின் துடிப்பு வேகம் இருமடங்கானால், மற்றவை மாறாதிருக்க, அது துடிப்பதால் எழும் வெப்பமும் இருமடங்காகும். மின்னழுத்தமோ இன்னும் வலிது. வெப்பம் அதன் இருமடியைப் பொறுத்து ஏறும். ஆகவே 5 வோல்ட்டில் இயங்குவதை 3.3 வோல்ட்டுக்குக் குறைத்தால், வெப்பம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வெப்பம் உடனே தீங்கு செய்யாவிடினும் ஆயுளைக் குறைக்கும். மின்வழங்கியில் உள்ள மின்தேக்கிகள் 10 பாகை கூடுதலாகச் சூடேறினால், அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு.

அக்காலத்து வீட்டுக் கணிப்பொறிகள் பெரும்பாலும் விசிறியின்றியே அமைக்கப்பட்டன. 1977இல் வந்த ஆப்பிள் இரண்டாம் கணிப்பொறியும் அத்தகையதே. அதன் வேகம் 1 மெகாஹெர்ட்ஸ் அளவினது. உள்ளே 8 செருகிடங்கள் இருந்தன. வேகம் போதாதென்று கண்டவர்கள் அங்கே முடுக்கி அட்டைகளைச் செருகினர். 1986இல் வந்த 'டிரான்ஸ்வார்ப்' அட்டை அதனை 3.6 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடச் செய்தது. அட்டைகள் பெருகப் பெருக உள்ளே வெப்பமும் பெருகியது. ஆகவே பெட்டியின் பக்கத்தில் மாட்டும் விசிறியைக் கென்சிங்டன் நிறுவனம் தனியே விற்றது. அமிகா கணிப்பொறியின் முடுக்கி அட்டைகளிலும் இதே கதைதான். 1990இல் வந்த மோட்டோரோலா 68040 செயலி 5 வோல்ட்டில் இயங்கிக் கடுஞ்சூடு கண்டது. 1994இல் வந்த 68060 செயலி, 3.3 வோல்ட்டில் இயங்கி, விரைவாகவும் அடக்கமாகவும் பணிசெய்தது. பழைய பொறிகளைப் பேணுவோர் இன்றும் சில்லின் மேல் வெப்பத்தகடு ஒட்டுவர். சிறு விசிறி பொருத்துவர். பழைய மின்வழங்கி புதிய சுமையைத் தாங்குமா என்று முதலில் பார்ப்பர்.

அக்கார்ன் நிறுவனத்தார் வேறு வழி கண்டனர். வேகம் வேண்டுவோர்க்கு இரண்டாம் செயலியைத் தனிப்பெட்டியில் வைத்து, அதற்கெனத் தனி மின்வழங்கியும் அளித்து, நாடாக்கம்பியால் பழைய பொறியோடு இணைத்தனர். அதன் வேகம் 3 மெகாஹெர்ட்ஸ். வீட்டுக்குள் அடுப்பு மூட்டாமல் புறத்தே சமையற்கட்டு அமைப்பது போன்ற ஏற்பாடு இது. சோபி வில்சன் என்பவர், இத்தகைய இரண்டாம் செயலி பூட்டிய பி.பி.சி. கணிப்பொறியில்தான் ஒரு புதிய செயலியின் கட்டளைகளை எழுதிச் சோதித்தார். ஸ்டீவ் பர்பர் அதன் உள்ளமைப்பை வகுத்தார். அதுவே 'ஆர்ம்' செயலி.

விலை மலிவான பிளாஸ்டிக் உறையில் அதனை அடைக்க அவர்கள் விரும்பினர். அவ்வுறை மிகுந்த வெப்பத்தைத் தாங்காது. ஆதலின் ஒரு வாட்டுக்குள் அதனை அடக்க வேண்டியிருந்தது. 1985 ஏப்ரல் 26ஆம் நாள் முதற்சில்லு சோதிக்கப்பட்டது. அது சரியாகவே இயங்கிற்று. ஆனால் மின்னோட்டமானி சுழியைக் காட்டியது! ஆராய்ந்தபோது, சில்லுக்குரிய மின்னிணைப்பே கொடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. சுற்றியிருந்த சைகைக் கம்பிகளின் வழியே கசிந்த மின்சாரத்தைக் கொண்டே அது இயங்கியிருந்தது. பின்னர் அதன் தேவை ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே என்று அறியப்பட்டது. உறையின் செலவை மிச்சப்படுத்த எண்ணியவர்கள், அறியாமலே ஓர் எதிர்காலத்துக்கு வித்திட்டனர்.

இன்று உங்கள் சட்டைப் பையிலுள்ள கைபேசிக்கு விசிறி இல்லை. அதனுள் இருப்பது பெரும்பாலும் அந்த ஆர்ம் மரபில் வந்த செயலியே. எங்கள் பள்ளியில் மூச்சு முட்டி நின்ற பொறியின் குடும்பத்தில் பிறந்த வழித்தோன்றல் அது.

வேகத்தை விரும்புவது இளமைக்கு இயல்பு, அதில் குற்றமில்லை. ஆனால் எந்த வேகத்துக்கும் வெப்பம் என்றொரு விலை உண்டு. அவ்விலையை முன்னரே கணக்கிட்டவர்களின் பொறி நின்று நிலைத்தது. கணக்கிடத் தவறிய நான் ஒரு மாணவனைக் கண்கலங்க வைத்தேன். ஒரு பொறி தடுமாறும்போது, அதனை இயக்கியவனைக் கடியுமுன், அதன் மேல் ஒருமுறை கைவைத்துப் பாருங்கள்.