ஏலமலைச் சரிவில் ஒருபூத் தேன்

போடிநாயக்கனூருக்கு மேலே எழும் ஏலமலைச் சரிவுகளில் தேனெடுப்பது மிகப் பழைய தொழில். ஒரே மரத்துப் பூவின் தேனைத் தனியே எடுப்பது அண்மைக் காலத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பளியர் பழங்குடியினர் பாறை இடுக்கில் தொங்கும் மலைத்தேனீ அடையைப் புகைகாட்டி அறுத்துப் பிழிந்தார்கள். பல வாரங்களாகப் பூத்த எல்லா மரங்களின் மதுவும் அந்த ஒரே அடையில் கலந்திருக்கும்.

அதைப் பிரிக்க வழி தந்தது சட்டங்கள் கொண்ட மரப்பெட்டி. 1911 முதல் 1917 வரை தென்னிந்தியக் கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்புக் கற்பித்த பாதிரியார் நியூட்டன், நம் நாட்டு அடுக்குத்தேனீக்குப் பொருந்தும் அளவில் அதை வடிவமைத்தார். கீழே புழு அறை, மேலே தேன் அறை. ஒரு பூப்பு முடிந்ததும் மேலறைச் சட்டங்களை உருவிச் சுழற்றித் தேனை வடித்துவிட்டு, வெற்றடையைத் தேனீக்களிடமே திருப்பி வைக்கலாம். அடுத்த பூவின் மது அதில் புதிதாகச் சேரும். ஆகவே, நாள் தவறாமல் எடுப்பதே ஒருபூத் தேனின் உயிர்.

பழமரம் நிறைந்த ஊரிலெல்லாம் பழமரத்தேன் கிடைத்துவிடாது. போடி அடிவாரத்தில் மாந்தோப்புகள் ஏராளம். ஆனால் மாம்பூவில் மது குறைவு. அதை மிகுதியாக நாடுபவை தேனீக்கள் அல்ல, சாதாரண ஈக்கள். காபியோடு கமலா ஆரஞ்சும் நிற்கும் தோட்டங்களில் சிக்கல் வேறு. கோடை மழை விழுந்த பத்து நாளுக்குள் காபி ஒருசேரப் பூத்துவிடும். அதே பருவத்தில் ஆரஞ்சும் மலர்ந்தால் இரண்டு மதுவும் ஒரே அடைக்குப் போகும். பீகாரின் முசாபர்பூரில் லிச்சித் தேன் தனித்துப் பெயர் பெற்றதற்குக் காரணம், அங்கே லிச்சித் தோப்புகள் பரந்து கிடப்பதும் பூக்காலத்தில் பெட்டிகளை அங்கே கொண்டுபோய் இறக்குவதும்தான்.

தேனில் உள்ள மகரந்தத்தை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்ப்பது ஒரு சோதனை. ஒரே செடியின் மகரந்தம் பொதுவாக 45 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது ஒருபூத் தேன். ஆரஞ்சு இனத்துக்கு மகரந்தம் குறைவாதலால் அதைவிட மிகத் தாழ்ந்த அளவே போதும்.

1991-92இல் பரவிய தாய்லாந்துப் புழுப்பை நோய் தென்னிந்திய அடுக்குத்தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. பெட்டிகள் வெறுமையாகின. தேன் போனது பாதி இழப்பே; மறுபாதி ஏலத்தோட்டங்களில். ஏலப்பூவில் சூல்முடி மகரந்தப்பைக்கு மேலே நிற்பதால், தேனீ நுழையாமல் காய் பிடிப்பது அரிது. விடியலில் விரியும் அந்தப் பூ ஒரே நாளில் வாடிவிடும்.