மன்னார் கரையில் கைவிடப்பட்ட காஸ் சிலிண்டர்கள்: யாருக்குச் சொந்தம், என்ன செய்வது?

மன்னார்க் கரையோரத்தில் ஒரு மீன்வாடியின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் கிழிந்த வலை, உடைந்த மிதவை, செத்துப்போன பற்றரி ஆகியவற்றோடு துருப்பிடித்த காஸ் சிலிண்டர் ஒன்றும் கிடக்கக்கூடும். கடைக்குக் கொண்டுபோனால் "இது பழைய மாதிரி, எடுக்க மாட்டோம்" என்பார்கள். கடலில் போட மனம் வராது, வீட்டில் வைக்கப் பயமாக இருக்கும். கடைசியில் அதற்கு விலை சொல்ல வருபவர் பழைய இரும்பு வியாபாரி ஒருவர்தான்.

அவரிடம் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சிலிண்டர் யாருடையது? அதை அழிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது?

நீங்கள் கொடுத்தது விலை அல்ல, வைப்புப்பணம்

முதன்முதலாகக் காஸ் எடுக்கும்போது நாம் இரண்டு தொகைகளைக் கொடுக்கிறோம். ஒன்று உள்ளே இருக்கும் எரிவாயுவின் விலை. மற்றது வெற்றுச் சிலிண்டருக்கான தொகை. இந்த இரண்டாவது தொகையைச் சிலிண்டரின் விலை என்றே பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். ஆனால் அது வைப்புப்பணம். சிலிண்டர் நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கிறது. நாம் அதைப் பாவிக்கும் உரிமையை மட்டும் பெறுகிறோம். நிறுவனத்தின் கணக்கேட்டிலும் அந்தப் பணம் வருமானமாக அல்ல, வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பாகவே எழுதப்படுகிறது.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் பெறப்படுகின்றன. சிலிண்டர் எங்களுடையது அல்லாததால் அதை வெட்டி விற்கும் உரிமை எங்களுக்கு இல்லை. அதே காரணத்தால், பழுதாகிப்போன சிலிண்டரை அழிக்கும் வேலையும் செலவும் எங்கள் தலையில் விழ வேண்டியவை அல்ல. முதலாவதை எல்லோரும் எங்களுக்குச் சொல்வார்கள். இரண்டாவதை நாங்கள்தான் கேட்டுப் பெற வேண்டும்.

பெயர் மாறிய சிலிண்டர், நின்றுபோன சிலிண்டர்

இலங்கையில் சமையல் எரிவாயு வியாபாரம் பல கைகள் மாறியது. 1995இல் கொழும்பு காஸ் நிறுவனத்தின் 51 வீதப் பங்குகளை ஷெல் வாங்கியது. 2001இல் லாஃப்ஸ் சந்தைக்கு வந்தது. 2010இல் அரசாங்கம் ஷெல்லின் பங்குகளைத் திரும்ப வாங்க, ஷெல் காஸ் லங்கா என்ற நிறுவனம் லிட்ரோ காஸ் லங்கா ஆனது.

ஆகவே பழைய ஷெல் சிலிண்டர் ஒன்று உங்களிடம் இருந்தால் அது அநாதைச் சிலிண்டர் அல்ல. மாறியது நிறுவனத்தின் பெயரும் பங்குகளை வைத்திருப்பவரும்தான். பழைய சொத்துகளோடு பழைய பொறுப்புகளும் லிட்ரோவிடமே தொடர்கின்றன.

அளவு மாறிய கதையும் உண்டு. 2021இல் லிட்ரோ, வழக்கமான 12.5 கிலோ சிலிண்டருக்குப் பதிலாக 18 லீற்றர் என்ற பெயரில் ஒரு சிலிண்டரைச் சந்தைக்கு விட்டது. அதனுள் இருந்த எரிவாயு 9 கிலோவைச் சற்றே தாண்டியது. கிலோவில் வாங்கிப் பழகிய மக்களுக்கு லீற்றரில் விற்றதால் எழுந்த எதிர்ப்பு சிறியதல்ல, 12.5 கிலோ தொடர்ந்தது. அதற்குப் பின்னர் டொலர் தட்டுப்பாட்டில் லாஃப்ஸ் விநியோகம் நின்றபோது மஞ்சள் சிலிண்டர் வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். வசதி இருந்தவர்கள் இன்னொரு வைப்புப்பணம் கட்டி நீலச் சிலிண்டர் எடுத்தார்கள். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ 4,860 ரூபாவுக்கு ஏறியது. அதே ஆண்டு ஓகஸ்டில் படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. கடலுக்கே போக முடியாத காலத்தில் காஸ் அடுப்பு எதற்கு என்று பலர் விறகுக்குத் திரும்பினார்கள். மூலையில் ஒதுங்கிய சிலிண்டர்களில் ஒரு பங்கு அந்தக் காலத்தினுடையது.

இது எங்கள் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. பிரித்தானியாவில் கேலர் நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் சிறிய அளவுச் சிலிண்டர்கள் சிலவற்றை நிறுத்தியபோது, படகுகளில் குடியிருப்போருக்கும் இதே சிக்கல் வந்தது. படகின் அறை ஒரு குறிப்பிட்ட அளவுச் சிலிண்டருக்கென்றே செய்யப்பட்டிருக்கும். வேறு அளவு உள்ளே போகாது. ஆனால் அங்கு சிலிண்டர் எடுக்கும்போதே ஓர் ஒப்பந்தத் தாள் கையெழுத்தாகிறது. சிலிண்டர் நிறுவனத்தினுடையது, திருப்பித் தந்தால் இவ்வளவு பணம் என்று அதில் இருக்கும். அந்தத் தாள் கையில் இருப்பவருக்குப் பேச ஒரு பிடி இருக்கிறது.

எங்கள் மக்களிடம் இல்லாதது அந்தத் தாள்தான். முள்ளிக்குளத்தை விட்டு 2007இல் வெளியேறியவர்களும், 2008இல் விடத்தல்தீவு, அடம்பன் பக்கங்களிலிருந்து ஓடியவர்களும் காணி உறுதியையே தொலைத்தவர்கள். 1990இல் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் அப்படித்தான். அவர்களிடம் போய்ச் சிலிண்டர் ரசீது கேட்பது வேடிக்கை. ரசீது இல்லாவிட்டால் வைப்புப்பணம் கிடைப்பது கடினம் என்பது உண்மை. ஆனால் நிறுவனம் தன் சொந்தச் சிலிண்டரை, அதுவும் ஆபத்தான நிலையில் உள்ளதை, திரும்ப எடுப்பதற்கு எங்களிடம் ரசீது இருக்க வேண்டியதில்லை. பணம் வேறு, பாதுகாப்பு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டு எங்களைத் திருப்பி அனுப்ப இடம் கொடுக்கக் கூடாது.

படகோடும் வாடியோடும் கைமாறும்போது

மன்னாரின் பெரும்பாலான படகுகள் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள். போன அன்றோ மறுநாளோ திரும்பிவிடும் இவற்றில் அடுப்பு அரிது. கடலில் கூடுதல் நேரம் நிற்கும் பெரிய உள்ளிணைப்பு இயந்திரப் படகுகளும், பருவத்துக்கு வந்து தங்கும் வாடிகளும்தான் சிலிண்டர் அதிகம் புழங்கும் இடங்கள்.

அங்கே உரிமைச் சிக்கலும் கூடுதல். வைப்புப்பணம் கட்டியவர் சம்மாட்டி, பாவிப்பவர் தொழிலாளி, பருவம் முடிந்து விட்டுப்போன பிறகு காவல் இருப்பவர் ஊரவர். படகு விற்கப்படும்போது வலை, இயந்திரம் எல்லாம் பட்டியலில் ஏறும். சிலிண்டர் பேச்சில்லாமலே கைமாறும். உண்மையில் அங்கே விற்கக்கூடியது சிலிண்டர் அல்ல, வைப்புப்பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை மட்டுமே. எனவே படகை விற்பவர் ரசீதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லையேல் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துத் தன் பணத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

உப்புக்காற்று சிலிண்டரைக் கீழிருந்து தின்னும். ஈரத்தில் நிற்கும் அடிவளையமும் அது பொருத்தப்பட்டுள்ள ஒட்டும்தான் முதலில் போகும். மேலே நிறம் பளிச்சென்று இருந்தாலும் சரித்து அடியைப் பாருங்கள். இன்னொன்று: காஸ் காற்றைவிடப் பாரமானது. புரொப்பேன் ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரண்டு மடங்கும் பாரம். வீட்டில் கசிந்தால் வாசல் வழியே வெளியேறலாம். படகில் கசிந்தால் அடித்தட்டில் இறங்கித் தேங்கி நிற்கும். பற்றரியின் ஒரு பொறி போதும்.

கரையொதுங்கும் இந்தியச் சிலிண்டர்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் சுமார் 30 கிலோமீற்றர் கடல்தான். தமிழ்நாட்டு இழுவைப் படகுகளில் சமையல் நடக்கும். அவற்றிலிருந்து விழும் சிலிண்டர் வலையில் வரலாம், கரையிலும் ஒதுங்கலாம்.

மிதந்து வந்ததால் அது வெறுமை என்று எண்ண வேண்டாம். இந்தியாவின் வீட்டுச் சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லீற்றர். இரும்பு 15, 16 கிலோ. உள்ளே நிரப்பும் எரிவாயு 14.2 கிலோ. மொத்தம் 30 கிலோ அளவில் நிற்கும். அது விலக்கும் கடல்நீரின் எடை அதைவிடக் கூட. எனவே நிறைந்த சிலிண்டரும் மிதக்கும்.

அதன் மேல்வளையத்தைத் தாங்கும் தகடுகளில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். அது அடுத்த சோதனைக்குரிய காலம். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி அடுத்த மூன்று மாதம், டி கடைசி மூன்று மாதம். பி-27 என்றிருந்தால் 2027 ஜூனுக்குள் சோதிக்க வேண்டும். அந்தக் காலம் கடந்திருந்தால் அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இண்டேன், பாரத்காஸ், எச்.பி. எதுவானாலும் அங்கும் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்துத்தான். இங்கே அதை நிரப்பவும் முடியாது, மாற்றவும் முடியாது. 2022 பெப்ரவரியில் நடந்ததுபோன்ற ஏலத்தில் இந்தியப் படகு வாங்குபவர்கள், உடைக்கத் தொடங்கும் முன் உள்ளே சிலிண்டர் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

கண்டெடுத்தவருக்குச் சொந்தம் என்ற ஊர் வழக்கு இங்கே செல்லாது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின்படி, உரியவரிடம் சேர்ப்பதற்காகவோ பாதுகாப்பதற்காகவோ ஒரு பொருளை எடுத்து வைப்பது குற்றமல்ல. உரிமையாளர் யார் என்று தெரிந்தும், அல்லது அறிய வழி இருந்தும், அதைத் தனதாக்கிக்கொள்வது குற்றம். சிலிண்டரின் உடம்பிலேயே உரிமையாளரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. எனவே 'தெரியாது' என்று சொல்ல முடியாது.

பழைய இரும்பும் போரின் இரும்பும்

2009க்குப் பிறகு மீளக்குடியேறிய பல குடும்பங்களுக்குக் கையில் முதலில் வந்த காசு பழைய இரும்பு பொறுக்கி விற்ற காசு. அந்த இரும்புக்குள் வெடிக்காத எறிகணைகளும் இருந்தன. கைகளை இழந்தவர்களும் உயிரை இழந்தவர்களும் எங்களிடையே உண்டு. மணலுக்குள் பாதி புதைந்த, வர்ணம் போன, உருண்டையான இரும்பைத் தூரத்திலிருந்து பார்த்துச் சிலிண்டர் என்றோ வேறொன்று என்றோ முடிவு செய்யாதீர்கள். தோண்டவும் வேண்டாம். அடையாளம் வைத்துவிட்டு விலகி, 119க்கு அறிவியுங்கள்.

சிலிண்டர்தான் என்று உறுதியானாலும் அதை வெட்டுவது வெடிபொருளை வெட்டுவதற்குக் குறைந்ததல்ல. அடுப்பு எரியாத அளவுக்குத் தீர்ந்த சிலிண்டரிலும் ஆவி நிற்கும். வால்வைத் திறந்துவிட்டாலும் முழுவதும் போகாது. காற்று உள்ளே புகுந்து கலந்ததும் அது இன்னும் மோசம். காஸ் வெட்டியோ கிரைண்டரோ தொட்ட கணத்தில் வெடிக்கலாம். முறையாக அழிப்பதென்றால் மிச்ச எரிவாயுவைப் பாதுகாப்பாக எடுத்து, வால்வைக் கழற்றி, உட்புறத்தைக் கழுவி ஆவி இல்லை என்று உறுதி செய்த பிறகே நசுக்குவார்கள். அது நிறுவனத்தின் பட்டறையில் நடக்க வேண்டிய வேலை.

செய்ய வேண்டியவை

1. சிலிண்டரை நிமிர்த்தி, நிழலில், காற்றோட்டமான திறந்த இடத்தில் வையுங்கள். கிணறு, பள்ளம், படகின் அடித்தட்டு ஆகியவற்றுக்கு அருகில் வேண்டாம். வால்வு மூடியைப் போடுங்கள்.

2. பொறிக்கப்பட்டுள்ள நிறுவனப் பெயர், தொடர் இலக்கம், வெற்று எடை ஆகியவற்றைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள்.

3. உள்ளூர் முகவரிடம் கொடுக்கப் பாருங்கள். மறுத்தால் நிறுவனத்துக்கே அழையுங்கள். லிட்ரோவின் இலக்கம் 1311. அழைத்த திகதியையும் பேசியவர் சொன்னதையும் எழுதி வையுங்கள்.

4. அதுவும் சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது.

5. ஐந்தாறு சிலிண்டர்கள் கரையில் சேர்ந்திருந்தால் தனித்தனியே அலைய வேண்டாம். கடற்றொழிலாளர் சங்கத்தின் கடிதத்தோடு ஒரே பட்டியலாகக் கொடுங்கள். நிறுவனத்துக்கும் ஒரு வண்டியில் ஏற்றுவது இலகு.

6. இந்தியச் சிலிண்டரைப் பொலிஸில் அறிவித்து ஒப்படையுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

7. கடலில் தள்ளாதீர்கள். 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுறல் தடுப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, அது மிதந்து போய் இரவில் இன்னொருவரின் படகில் மோதும்.

8. பெரிய சிலிண்டரைக் கவிழ்த்துப் பழைய சிறிய சிலிண்டருக்கு காஸ் இறக்காதீர்கள். ஆவி விரிய உள்ளே இடம் இல்லாமல் நிரம்பிவிட்டால், மன்னார் வெயிலே அதை வெடிக்க வைக்கும்.

கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடுபவர்களின் காற்றுத் தாங்கிகளை இதனோடு குழப்பக் கூடாது. அவை விலைக்கு வாங்கிய சொந்தப் பொருட்கள். அழிக்கும் பொறுப்பும் சொந்தக்காரருடையதே. காஸ் சிலிண்டரைவிடப் பல மடங்கு அமுக்கத்தில் காற்று அடைபடுவதால், நீரமுக்கச் சோதனையில் தேறாத தாங்கியை நிரப்பவோ இன்னொருவருக்கு விற்கவோ கூடாது.

வாடிக்குப் பின்னால் கிடக்கும் அந்தச் சிலிண்டருக்குப் பழைய இரும்பு வியாபாரி கொடுக்கப்போவது சில நூறு ரூபாய்கள். அதை அடுத்ததாக வெட்டப்போவது எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனாகவே இருப்பான். அவன் கைக்குப் போவதற்கு முன், அது யாருடைய சொத்தோ அவர்களை வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.