துறைமுகத்திலிருந்து ஓடுபாதை வரை: தஞ்சோங் பகாரும் பொதுநிதியின் வரலாறும்

முன்னுரை

சிங்கப்பூர் அரசு 2015ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின்வழி, 3 பில்லியன் வெள்ளியைத் தொடக்கத் தொகையாகக் கொண்டு சாங்கி விமான நிலைய மேம்பாட்டு நிதியைத் தோற்றுவித்தது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அந்நிதிக்கு மேலும் 5 பில்லியன் வெள்ளி அறிவிக்கப்பட்டது. விமான நிலையம் போன்ற வருவாய் ஈட்டும் அமைப்பொன்றிற்குப் பொதுப்பணம் ஏன் தேவைப்படுகிறது என்னும் வினா இங்கு எழுகிறது. இவ்வினா புதியதன்று. நூறாண்டுகளுக்கும் முன்னரே தஞ்சோங் பகார்க் கரையில் இஃது எழுப்பப்பட்டு, விடையும் காணப்பட்டது. அவ்விடை எவ்வாறு உருவாயிற்று என்பதையும், அதில் தமிழர் பெற்ற இடம் யாது என்பதையும் இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

தனியார் முதலீட்டின் எல்லை

தஞ்சோங் பகார்க் கப்பல்துறை நிறுவனம் 1864ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. ஐரோப்பிய வணிகர்களும் சீன வணிகர்களும் அதில் பங்கு கொண்டனர். அதன் முதல் உலர்துறையாகிய விக்டோரியா துறை 1868இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே சூயஸ் கால்வாய் திறக்கப்படவே, நீராவிக் கப்பல்களின் வரவு பெருகிற்று. நிறுவனமும் வளர்ந்தது. 1879இல் ஆல்பர்ட் துறை திறக்கப்பட்டது. 1899இல் போட்டி நிறுவனமாகிய புதிய துறைமுகக் கப்பல்துறை நிறுவனமும் இதனுடன் இணைந்தது. இவ்வாறு சிங்கப்பூரின் கப்பல்துறைத் தொழில் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கைக்குள் வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலையில் ஒரு முரண்பாடு முற்றியது. கப்பல்கள் அளவில் பெருத்தன. மரத்தாலான பழைய தளமேடைகள் அவற்றிற்குப் போதவில்லை. சரக்குகள் தேங்கின. விரிவாக்கம் தேவை என்பதைச் சிங்கப்பூரிலிருந்த இயக்குநர்கள் உணர்ந்திருந்தனர். ஆனால் அதற்காகும் பெருஞ்செலவைக் கண்டு இலண்டனிலிருந்த ஆலோசனைக் குழு தயங்கியது. பங்குதாரர் நோக்கில் இத்தயக்கம் இயல்பானதே. இன்று செலவிடும் பணத்தின் பயன் பல்லாண்டுகள் கழித்தே கிட்டும். அதுவரை ஆதாயப் பங்கு குறையும். நகரத்தின் நோக்கிலோ காத்திருத்தல் ஆபத்தானது. நெரிசலைக் கண்டு கப்பல்கள் வேறு துறைமுகங்களை நாடினால் வணிகம் முழுவதும் பாதிக்கப்படும்.

1905ஆம் ஆண்டின் தீர்வு

இச்சூழலில் ஆளுநர் சர் ஜான் ஆண்டர்சன் தலைமையிலான நீரிணைக் குடியேற்ற அரசு, நிறுவனத்திற்கு நிதி வழங்குவதற்கு மாறாக நிறுவனத்தையே கையகப்படுத்தியது. 1905ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் தஞ்சோங் பகார்க் கப்பல்துறை வாரியம் நிருவாகத்தை ஏற்றது. இழப்பீடு குறித்து நிறுவனம் கோரிய தொகைக்கும் அரசு தர முன்வந்த தொகைக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. எனவே வழக்கு நடுவர் மன்றத்திற்குச் சென்றது. ஏறத்தாழ 2 கோடியே 79 இலட்சம் வெள்ளி வழங்க வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. அக்காலத்தில் அது மலைக்கத்தக்க தொகையாகும். அச்சுமையை ஏற்ற பின்னும் அரசு விரிவாக்கத்தைக் கைவிடவில்லை. 1913இல் கிங்ஸ் துறை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் வாரியம் சிங்கப்பூர்த் துறைமுக வாரியமாக மாற்றப்பட்டது. 1917இல் எம்பயர் துறை நிறைவுற்றது.

இந்நிகழ்விலிருந்து நாம் பெறும் கருத்து ஒன்றுண்டு. நாட்டின் வாயிலாக அமையும் கட்டமைப்பைத் தேவை வந்த பின்னர் அன்றித் தேவைக்கு முன்னரே விரிவாக்க வேண்டும். அந்த இடர்ப்பாட்டைத் தாங்கத் தனியார் முதலீட்டுக்குப் பொறுமை போதாது. ஆகவே பொதுநிதி முன்வர வேண்டும் என்பதே அது. பின்னர் 1964இல் அமைந்த சிங்கப்பூர்த் துறைமுக ஆணையமும் இவ்வழியையே பின்பற்றியது. தஞ்சோங் பகாரில் அமைந்த கொள்கலன் முனையத்திற்கு 1972ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் முதல் கொள்கலன் கப்பல் வந்தபோது, கொள்கலன் வணிகம் இவ்வட்டாரத்தில் வேரூன்றியிருக்கவில்லை.

வான்வழிக்கு வந்த அதே வினா

துறைமுகத்தில் உருவான இக்கொள்கை விமான நிலையங்களிலும் தொடர்ந்தது. சதுப்பு நிலத்தைத் தூர்த்து அமைக்கப்பட்ட காலாங் விமான நிலையம் 1937ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் திறக்கப்பட்டது. அஃது இருபதாண்டுகள்கூடப் போதவில்லை. 1955இல் பாய லேபார் விமான நிலையம் அதன் இடத்தைப் பெற்றது. அங்கும் நெருக்கடி தோன்றியபோது இரண்டாம் ஓடுபாதை அமைக்கும் யோசனை எழுந்தது. ஆயின் 1975இல் அரசு அதனைக் கைவிட்டு, கிழக்குக் கரையிலுள்ள சாங்கியைத் தேர்ந்தது. பாய லேபாரில் ஏற்கெனவே செய்த முதலீட்டை இழக்கத் துணிந்த முடிவு அது. அம்முடிவை எடுத்த அமைச்சரவையின் தலைவர் லீ குவான் இயூ, 1955 முதல் தஞ்சோங் பகார்த் தொகுதியின் உறுப்பினராக விளங்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது. சாங்கி 1981ஆம் ஆண்டு சூலை முதல் நாள் செயற்படத் தொடங்கியது.

சாங்கி கிழக்கு விரிவாக்கத்தில் மூன்றாம் ஓடுபாதை 2.75 கிலோமீட்டரிலிருந்து 4 கிலோமீட்டராக நீட்டப்பட்டது. விமானங்கள் ஓடுபாதைக்கும் நிறுத்துமிடத்திற்கும் இடையே ஊர்ந்து செல்லும் இணைப்புப் பாதைகள் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளத்திற்குத் திட்டமிடப்பட்டன. செலவை அரசு, விமான நிலையக் குழுமம், பயன்படுத்துவோர் ஆகிய மூவரும் பகிர்கின்றனர். 2018ஆம் ஆண்டு சூலை முதல், சிங்கப்பூரில் பயணத்தைத் தொடங்கும் பயணியிடம் 10.80 வெள்ளி மேம்பாட்டுத் தீர்வை பெறப்படுகிறது. 1905இல் அரசு தனியே ஏற்ற சுமை இன்று பங்கிடப்படுகிறது. எனினும் தேவைக்கு முன்னரே கட்டுதல் என்னும் அடிப்படை மாறவில்லை.

கணக்கில் இடம்பெறாதோர்

இவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிறுவன அறிக்கைகளையும் அரசு ஆவணங்களையுமே சான்றாகக் கொள்கின்றனர். நடுவர் மன்றம் நிலத்தை மதிப்பிட்டது. உலர்துறைகளையும் எந்திரங்களையும் வருங்கால வருவாயையும் மதிப்பிட்டது. பங்குதாரர் இழப்பீடு பெற்றனர். அத்துறைகளில் சரக்குச் சுமந்த சீனத் தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளரும் அவ்வழக்கில் தரப்பினர் அல்லர். அவர்களைப் பொறுத்தவரை மாறியது முதலாளியின் பெயர் மட்டுமே.

எனினும் அவர்கள் வரலாறற்றவர் அல்லர். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் குடும்பத்தோடு குடியேறினர். துறைமுகத்தை நம்பி வாழ்ந்தோரும் அவர்களிடையே இருந்தனர். அச்சமூகத்தின் முயற்சியால் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி தோன்றியது. பின்னர் அஃது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982 வரை நடைபெற்றது. துறைமுகம் பொதுநிதியால் வளர்ந்த அதே வட்டாரத்தில், அத்துறைமுகத்தை அண்டி வாழ்ந்த மக்கள் தம் பிள்ளைகளின் தமிழ்க் கல்விக்குத் தாமே அடிக்கல் நாட்ட வேண்டியிருந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போதுதான் பொதுநிதி என்பதன் முழுப்பொருள் புலனாகிறது. எதனை நாட்டின் தேவையென அரசு கருதியது, எதனைச் சமூகத்தின் தனிப்பொறுப்பென விட்டது என்பதை அது காட்டுகிறது.

முடிவுரை

தஞ்சோங் பகார் முனையத்தின் கொள்கலன் பணிகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டுவிட்டன. 2022இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகம் நகர முனையங்களின் பணிகளை ஏற்று வருகிறது. கரை வெறுமையாகும் காலத்தில் அதன் நினைவையும் இழந்துவிடக் கூடாது. பொதுநிதியைத் துணிந்து செலவிட்டதனாலேயே சிங்கப்பூர் இன்றைய நிலையை எய்தியது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்நிதியின் வரலாறு செலவுக் கணக்கோடு முற்றுப்பெறாது. தமிழ் முரசு போன்ற நாளிதழ்களின் பழைய இதழ்களையும், பள்ளி மலர்களையும், முதியோரின் வாய்மொழிச் செய்திகளையும் நிறுவன ஆவணங்களோடு ஒப்பிட்டு ஆராய வேண்டும். சாங்கியின் பாதைகளை அமைப்போரிடையேயும் தமிழகத் தொழிலாளர் உள்ளனர். அவர்களைப் பற்றிய பதிவுகளை இப்போதே திரட்டினால், 1905இல் நேர்ந்த விடுபாடு மீண்டும் நேராது. இப்பணி தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் உரியது என்பதே நம் துணிபு.