‘க்யூ’ இருந்தால் ‘யு’ வேண்டுமா? ஆங்கிலச் சொல் விளையாட்டுகளில் எழுத்துகளைக் கொண்டு சொல் தேடுவது எப்படி?

ஹனூர் (கர்நாடகா): ஸ்கிராபிள், வேர்டில் போன்ற ஆங்கிலச் சொல் விளையாட்டுகளில் வெற்றி பெற ஆங்கிலத்தில் சரளமாகப் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், இவ்விளையாட்டுகளின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. குறிப்பிட்ட எழுத்துகள் அடங்கிய சொற்களை விரைவாகக் கண்டறியும் பயிற்சியே இங்கு முதன்மையானது. அந்தப் பயிற்சிக்கு உதவும் வழிமுறைகளை இத்தொகுப்பில் காணலாம்.

காதால் அல்ல, கண்ணால்

1997-இல் மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பகுதியில் கன்னடமும் தமிழும் புழங்குகின்றன. இவ்விரு மொழிகளிலும் மெய்யும் உயிரும் இணைந்து ஒரே எழுத்தாக நிற்கின்றன. ‘கொ’ என்பது தமிழில் ஓர் எழுத்து. ஆங்கிலத்தில் அதற்கு ‘கே’, ‘ஓ’ என இரண்டு எழுத்துகள் தேவை. மேலும், ஆங்கிலத்தில் ஒலியும் எழுத்தும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. ‘ஃபோன்’ என்று ஒலிக்கும் சொல்லில் ‘எஃப்’ இல்லை. ஆகவே, தாய்மொழி வழியில் பயின்றவர்கள் சொல்லின் ஒலியை நினைவுகூர்வதைவிட, எழுத்துகளின் வரிசையைக் கண்ணால் காணப் பழகுவது பயன் தரும்.

எழுத்துகளின் மதிப்பு

ஸ்கிராபிள் விளையாட்டை 1930-களில் உருவாக்கியவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்பிரட் பட்ஸ். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த அவர், செய்தித்தாள்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து, எழுத்துகளின் எண்ணிக்கையையும் மதிப்பையும் வகுத்தார். மொத்தமுள்ள 100 வில்லைகளில் ‘இ’ மட்டும் 12 உள்ளன. ‘ஏ’, ‘ஐ’ ஆகியவை தலா 9. அரிதாக வரும் ‘க்யூ’, ‘இசட்’ ஆகியவற்றுக்கு ஒரே ஒரு வில்லையும் 10 புள்ளிகளும், ‘ஜே’, ‘எக்ஸ்’ ஆகியவற்றுக்கு ஒரு வில்லையும் 8 புள்ளிகளும் உண்டு.

கடினமான எழுத்துகளுக்கு உதவும் சொற்கள்

‘க்யூ’வுக்குப் பின் ‘யு’ கட்டாயம் வர வேண்டும் என்பது பள்ளியில் கற்பிக்கப்படும் பொதுவிதி. விளையாட்டில் அதற்கு விலக்குகள் பல. உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல்லான ‘க்யூ-ஐ’ இரண்டே எழுத்துகளில் அமைவது. நமக்கு நன்கு தெரிந்த ஃபகீர், தலாக், நிகாப், புர்கா ஆகிய நான்கும் ‘க்யூ’ இடம்பெற்று, ‘யு’ அதைத் தொடராத ஐந்தெழுத்துச் சொற்களே.

‘எக்ஸ்’ கையில் இருந்தால் எருதைக் குறிக்கும் ‘ஆக்ஸ்’ உதவும். ‘வி’ மட்டும் எந்த ஈரெழுத்துச் சொல்லிலும் இல்லை. எனவே அதை முன்கூட்டியே பயன்படுத்திவிடுவது நல்லது. ‘ஐ’ இரண்டு சேர்ந்துவிட்டால் நம் ‘இட்லி’யே கைகொடுக்கும், ‘தோசை’யும் ‘தோசா’ என்ற வடிவில் ஏற்கப்படுகிறது. கட்டுமரம் என்பதிலிருந்து வந்த ‘கேட்டமரான்’, சுருட்டு என்பதிலிருந்து வந்த ‘செரூட்’, அணைக்கட்டு என்பதிலிருந்து வந்த ‘அனிகட்’ போன்ற தமிழ் வேர்ச் சொற்களும் பட்டியலில் உள்ளன.

எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறை

கையிலுள்ள எழுத்துகளை அகரவரிசையில் அடுக்குவது தேர்ந்த ஆட்டக்காரர்களின் வழக்கம். ‘லிசன்’, ‘சைலன்ட்’, ‘என்லிஸ்ட்’ ஆகிய மூன்று சொற்களையும் இவ்வாறு அடுக்கினால் ஒரே வரிசை கிடைக்கும். சொல் தேடும் செயலிகளும் இதே முறையில் இயங்கக்கூடியவை: அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அடுக்கி வைத்துக்கொண்டு, நாம் தரும் எழுத்துகளோடு பொருத்திப் பார்க்கின்றன.

ஏழு வில்லைகளையும் ஒரே முறையில் பயன்படுத்தினால் கூடுதலாக 50 புள்ளிகள் கிடைக்கும். இதற்காகச் சில ஆறெழுத்துத் தொகுதிகளை மனத்தில் இருத்துவர். ‘ரெட்டினா’ என்ற சொல்லின் எழுத்துகளோடு ‘எஸ்’ சேர்ந்தால் ‘ரெட்டினாஸ்’, ‘ரிடெய்ன்ஸ்’, ‘நாஸ்டியர்’, ‘ஸ்டெய்னர்’ எனப் பல சொற்கள் பிறக்கின்றன.

வேர்டிலில் இடமே முக்கியம்

ஜோஷ் வார்டில் உருவாக்கி 2021-இல் வெளியிட்ட வேர்டிலை, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் வாங்கியது. ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிகளுக்குள் கண்டறிய வேண்டும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, இடம் மாறியிருந்தால் மஞ்சள், இல்லையெனில் சாம்பல் நிறம் தோன்றும். முதல் முயற்சியில் ஐந்தும் வெவ்வேறான, அடிக்கடி வரும் எழுத்துகளாக இருப்பது நல்லது. விடையில் ஒரே எழுத்து இரு முறை வரக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

எந்தச் சொற்பட்டியல்?

ஒரு விளையாட்டில் செல்லும் சொல் மற்றொன்றில் செல்லாமல் போகலாம். இமயமலைப் பகுதிக் கால்நடையைக் குறிக்கும் ‘ஸோ’ என்ற ஈரெழுத்துச் சொல் காலின்ஸ் பட்டியலில் உண்டு. வட அமெரிக்கப் பட்டியலில் இல்லை. காலின்ஸின் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பில் 2,79,496 சொற்கள் உள்ளன. அவற்றில் ஈரெழுத்துச் சொற்கள் 127 மட்டுமே. தொடக்க நிலையினர் முதலில் கற்க வேண்டியவை இவையே.

சொல் தெரிந்தால் மொழி தெரியுமா?

2007-இல் மும்பையில் நடைபெற்ற உலக ஸ்கிராபிள் போட்டியின் இறுதிச் சுற்றில் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதத்தை வென்று பட்டம் பெற்றவர் நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ். இவரே 2015-இல் பிரெஞ்சு மொழிப் போட்டியிலும், 2024-இல் ஸ்பானிய மொழிப் போட்டியிலும் உலகப் பட்டம் வென்றார். அவ்விரு மொழிகளும் அவருக்குப் பேசத் தெரியாது. சொற்பட்டியல்களை மனப்பாடம் செய்தே வென்றார்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஆங்கிலம் சரளமாக வராது என்பதற்காக எவரும் இவ்விளையாட்டுகளிலிருந்து விலகி நிற்க வேண்டியதில்லை. அதேவேளையில், சொற்களை அடுக்கத் தெரிவதாலேயே மொழி வந்துவிடாது. ஆங்கிலம் கற்கும் நோக்கில் விளையாடும் மாணவர்கள், புதிதாகக் கண்ட சொல்லின் பொருளையும் உச்சரிப்பையும் அகராதியில் பார்த்து, ஒரு வாக்கியத்தில் எழுதிப் பழக வேண்டும். பிறருடன் போட்டியிடும்போது சொல் தேடும் செயலியைப் பயன்படுத்துவது முறைகேடு. ஆட்டம் முடிந்த பின், தவறவிட்ட சொற்களை அறிய அதைப் பயன்படுத்தினால், அதுவே நல்ல ஆசிரியராக அமையும்.